கிரிட் விழுந்த பிறகு முதலில் எழுவது யார்? டீசல், பேட்டரி, நீர்மின், வீட்டுக் கூரை: ஒரு ஒப்பீடு

"கிரிட், அதாவது ஊர்களையெல்லாம் இணைக்கும் மின்வலை, மொத்தமாக விழுந்தால் எங்கள் இடத்தை நாங்களே எழுப்பிக்கொள்ள வேண்டும். டீசல் ஜெனரேட்டர் போதுமா, சோலாரோடு பேட்டரி வைக்கலாமா, இல்லை, கூரைகளில் ஏற்கெனவே இருக்கிற பேனல்களே போதுமா?" மருத்துவமனை நிர்வாகிகள், குடியிருப்புச் சங்கத்தார், சிறு விநியோக நிறுவனங்களின் பொறியாளர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரு கணக்கும் இருக்கும்: தேவை இத்தனை கிலோவாட், கையிருப்பு இத்தனை கிலோவாட், ஆகவே சமாளித்துவிடலாம்.

கணக்கில் தப்பு இருக்காது. ஆனால் அது லைனில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் நாளுக்கான கணக்கு. செத்துக் கிடக்கும் லைனுக்கு வேறு கணக்கு போட வேண்டும்.

சேர்ந்து பாடும்போது ஒருவர் சுருதி பிடித்துக் கொடுப்பார், மற்றவர்கள் அதில் சேர்ந்துகொள்வார்கள். கிரிட்டிலும் அப்படித்தான். வோல்டேஜையும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையையும் யாராவது ஒருவர் முதலில் உருவாக்கிக் கொடுக்க வேண்டும். சுழலும் ஜெனரேட்டர் அதைச் செய்யும். கூரை சோலாரில், பேனலின் நேர்மின்னோட்டத்தை அலையாக மாற்றும் சாதாரண இன்வெர்ட்டர் செய்யாது, அதற்குப் பின்பாட்டு மட்டும்தான் தெரியும். லைனில் அலை இருந்தால் அதைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும். சுருதி கொடுக்கத் தெரிந்த இன்வெர்ட்டர்களும் இப்போது உண்டு. பொறியாளர்கள் அவற்றை கிரிட் ஃபார்மிங் இன்வெர்ட்டர் என்பார்கள். நான் சுருதி இன்வெர்ட்டர் என்றே எழுதப்போகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

தானாக எழுமா? வெளியிலிருந்து ஒரு வாட் கூட வராத நிலையில் இயந்திரம் கிளம்ப வேண்டும். இதற்குப் பெயர் பிளாக் ஸ்டார்ட். பெரிய அனல்மின் நிலையங்களால் இது முடியாது. பம்புகளையும் விசிறிகளையும் ஓட்டவே அவற்றுக்கு நிறைய மின்சாரம் தேவை.

முதல் உதையைத் தாங்குமா? பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. அணைந்து கிடந்த டிரான்ஸ்ஃபார்மரை முழு வோல்டேஜில் சட்டென்று இணைத்தால், முதல் சில சுற்றுகளுக்கு அதன் வழக்கமான கரண்டைப் போல எட்டு, பத்து மடங்கு கூட இழுக்கும். அதைத் தாண்டினால் அடுத்தது வீடுகள். சாதாரண நாளில் எல்லா ஃபிரிட்ஜும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை, முறை வைத்தாற்போல ஓடி நிற்கும். மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த பிறகு எல்லாமே ஒன்றாகக் கிளம்பும். 200 கிலோவாட் என்று நினைத்த ஃபீடர் (சப்ஸ்டேஷனிலிருந்து தெருக்களுக்குப் போகும் லைன்) 400 கேட்கலாம். அது இறங்கி வர அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை ஆகும்.

எவ்வளவு நேரம் நிற்கும்? நான்கு மணி நேர மின்தடைக்கும் நான்கு நாள் மின்தடைக்கும் ஒரே பதில் கிடையாது.

ஃபால்ட் வந்தால் தெரியுமா? லைனில் மரம் விழுந்தால் பிரேக்கர் ட்ரிப் ஆக வேண்டும். பிரேக்கருக்குக் கட்டளை கொடுக்கும் ரிலேக்கள் பெரும்பாலும் கரண்ட் பல மடங்கு பாய்வதை வைத்துத்தான் ஃபால்ட்டைக் கண்டுபிடிக்கின்றன. அந்தப் பாய்ச்சலைக் கொடுக்க முடியாத மூலம் ஓடும்போது, அறுந்த கம்பி உயிரோடு தரையில் கிடக்கலாம்.

மற்ற 360 நாட்களில் என்ன செய்யும்? இதைக் கடைசியில் வைத்தாலும், பணம் கொடுப்பவர் முதலில் கேட்பது இதைத்தான்.

## ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான், பல இடங்களுக்குச் சரியானதும்கூட. வழக்கமான மீட்பு மேலிருந்து கீழே வரும். ஒரு நீர்மின் நிலையமோ கேஸ் டர்பைனோ தானாக எழும், அதிலிருந்து உயர் அழுத்த லைன் வழியாக அடுத்த நிலையத்துக்கு மின்சாரம் போகும், அது எழுந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊர்கள் சேர்க்கப்படும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயின் நேரப்படி நண்பகல் 12:33க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் விழுந்தபோது இந்த வழியில்தான் எழுந்தன. ஸ்பெயினுக்கு பிரான்ஸ், மொராக்கோ இணைப்புகளும் நீர்மின் நிலையங்களும் கைகொடுத்தன. போர்ச்சுகலுக்குத் தானாக எழக்கூடியவை காஸ்டெலோ டோ போடே நீர்மின் நிலையம், டபாடா டோ ஓட்டெய்ரோ கேஸ் நிலையம் என்று இரண்டே இரண்டு. மறுநாள் விடிவதற்குள் இரு நாடுகளிலும் மின்வலை ஏறத்தாழ திரும்பிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா முழுவதும் இருண்டு, சுமார் 8,50,000 இணைப்புகள் போயின. பிளாக் ஸ்டார்ட்டுக்கென்றே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த இரண்டு நிலையங்களும் அன்று கைவிரித்துவிட்டன. பக்கத்து மாநிலமான விக்டோரியாவுடன் இருந்த இணைப்புதான் காப்பாற்றியது. பக்கத்தில் யாரும் இல்லாத கிரிட்டாக இருந்திருந்தால்?

உங்கள் இடத்தில் மின்தடை எப்போதாவதுதான் வரும், வந்தாலும் ஒரு நாளைத் தாண்டாது, உயிர் காக்கும் லோடு எதுவும் இல்லை என்றால் காத்திருங்கள். விளக்குக்கும் போனுக்கும் ஒரு சின்ன பேட்டரி போதும்.

## டீசல் ஜெனரேட்டர்

டீசலைக் கேலி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் முதல் இரண்டு அளவுகோல்களில் அதை முந்துவது சுலபமில்லை. தானாக எழும். நல்ல பராமரிப்பில் இருந்தால் பத்து விநாடியில் லோடு எடுக்கும். சுழலும் இயந்திரம் என்பதால் ஃபால்ட் வந்தால் கரண்டைப் பல மடங்கு கொட்டும், பழைய ரிலேக்களுக்கு அது புரியும். லோடை மட்டும் படிப்படியாக ஏற்ற வேண்டும். டர்போ வைத்த எஞ்சின்கள் முழு லோடையும் ஒரே அடியில் வாங்கிக்கொள்ளாது.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் சுமார் மூன்று, மூன்றரை யூனிட் தரும். 100 கிலோவாட்டை ஒரு நாள் முழுக்க ஓட்ட சுமார் 700 முதல் 800 லிட்டர் வேண்டும். மூன்று நாளைக்கு 2,000 லிட்டருக்கு மேல். அதே மின்தடையில் எரிபொருள் நிலையத்தின் பம்பும் ஓடாது என்பது பலருக்கு அன்றைக்குத்தான் உறைக்கிறது. தேக்கி வைத்த டீசல் கெட்டுப்போகும், ஒரு வருடத்துக்குள் சுழற்றிவிட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு லோடுக்கும் கீழே நீண்ட நேரம் ஓட்டினால் எரியாத எண்ணெய் புகைபோக்கியில் படிந்து எஞ்சினைக் கெடுக்கும். பாதுகாப்புக்காகப் பெரிதாக வாங்குகிறேன் என்று கிளம்புபவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

நான் கூட நின்று பார்த்த ஒரு ஒத்திகையில் ஜெனரேட்டர் கிளம்பவே இல்லை. எரிபொருள் நிறைய இருந்தது, எஞ்சினும் புதிது. செத்துப்போயிருந்தது ஸ்டார்ட்டர் பேட்டரி. ஆறு மாதமாக ஒருவரும் அதைத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

மின்தடை அரிது, வந்தால் சில மணி நேரம்தான், ஆனால் ஒரு நிமிடம்கூட இருட்டில் இருக்க முடியாது என்ற இடங்களுக்கு டீசல் பொருந்தும். வாரக்கணக்கில் நீளும் பேரிடருக்கு அதை மட்டும் நம்ப முடியாது. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய பதினொரு மாதம் ஆனது. அத்தனை நாளும் ஜெனரேட்டருக்கு எரிபொருள் கொண்டுவருவதே ஒரு தனி வேலையாக இருந்தது.

## கூரை சோலார் மட்டும்

இதற்கு நீளமாக எழுதத் தேவையில்லை. பேட்டரியோ சுருதி இன்வெர்ட்டரோ இல்லாத கூரை சோலார், கிரிட் போனதும் தானும் நின்றுவிடும். ஐ.இ.இ.இ. என்ற மின்பொறியாளர் அமைப்பின் 1547 தரப்படி, தனித்துவிடப்பட்டதை உணர்ந்து இரண்டு விநாடிக்குள் அது விலக வேண்டும். காரணம் நல்லதுதான். லைனில் வேலை செய்யும் ஊழியர், கம்பி செத்துவிட்டது என்று நம்பித் தொடுவார். 230 வோல்ட்டில் வீட்டிலிருந்து பின்னோக்கிப் போகும் மின்சாரம், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி 11,000 வோல்ட்டாக அவரை எட்டும்.

ஆக, மீட்பின் முதல் கட்டத்தில் இந்த பேனல்கள் உதவாது. இரண்டாம் கட்டத்தில் உபத்திரவமும் செய்யலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

## பேட்டரி, சுருதி இன்வெர்ட்டர், சோலார்

இப்போது எல்லாரும் கேட்பது இந்தச் சேர்க்கையைத்தான். நியாயமான கேள்விதான், ஏனென்றால் இதற்கு மட்டுமே இருக்கும் ஒரு திறமை உண்டு. சுருதி இன்வெர்ட்டரால் வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்ற முடியும். ஃபீடரையும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் முன்கூட்டியே இணைத்து வைத்துக்கொண்டு, சில விநாடிகளில் வோல்டேஜை நிதானமாக உயர்த்தினால், மேலே சொன்ன அந்த எட்டு, பத்து மடங்கு உதை வரவே வராது. டீசலிலும் இதைச் செய்யலாம், ஆனால் அதற்கென்று அமைத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்கு இது மென்பொருளில் ஒரு தேர்வு.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. 2017இல் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டம், எல் சென்ட்ரோவில் இருந்த 33 மெகாவாட் பேட்டரியை வைத்து, நின்றுகிடந்த 44 மெகாவாட் கேஸ் டர்பைனை எழுப்பிக் காட்டியது. பேட்டரியின் கொள்ளளவு 20 மெகாவாட் மணிதான். முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்கு அன்று அவ்வளவு நேரம் தேவைப்படவும் இல்லை. பெரிய இயந்திரத்தைத் தட்டி எழுப்பினால் போதும்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஃபால்ட் கரண்ட். இன்வெர்ட்டர் தன் மதிப்பில் சுமார் 1.2 மடங்கு கொடுக்கும், போனால் போகிறதென்று இரண்டு மடங்குக்குள். பழைய ரிலேக்களின் கண்ணுக்கு இது சாதாரண லோடு போலத்தான் தெரியும். தனித்து ஓடும்போது மட்டும் வேறு அமைப்புக்கு மாறும் ரிலேக்கள் வேண்டும், அல்லது வோல்டேஜ் சரிவைப் பார்த்து ட்ரிப் ஆகும் பாதுகாப்பு வேண்டும். பேட்டரியின் விலைப்பட்டியலில் இந்த வரி இருக்காது. கூடவே எர்த்திங். மேல் கிரிட்டிலிருந்து பிரிந்ததும், நியூட்ரலுக்கு எர்த் கொடுத்துக்கொண்டிருந்த இடமும் பிரிந்து போயிருக்கலாம். தனித்து ஓடும்போது எர்த் எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஒதுக்கீடு. பகலில் சேமித்து மாலையில் விற்றுச் சம்பாதிக்கும் பேட்டரி, இரவு பத்து மணிக்கு மின்தடை வந்தால் காலியாக இருக்கும். மீட்புக்கென்று எப்போதும் முப்பது, நாற்பது சதவீதம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பங்கு சம்பாதிக்காது. 1 மெகாவாட் மணி பேட்டரி வாங்கி 200 கிலோவாட் லோடுக்கு ஐந்து மணி நேரம் வரும் என்று எழுதுகிறார்கள். மின்தடை வந்த நேரத்தில் 40 சதவீதம்தான் இருந்தது என்றால் வருவது இரண்டு மணி நேரம். சோலார் மறுபடி நிரப்பும், ஆனால் விடிய வேண்டும், வானமும் தெளிந்திருக்க வேண்டும்.

நான் மேலே தள்ளிவைத்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஒரு ஃபீடரில் வீடுகளின் தேவை 500 கிலோவாட், கூரைகள் தருவது 300 கிலோவாட் என்று வைப்போம். மீட்டரில் இத்தனை நாளும் தெரிந்தது 200 மட்டும். பேட்டரியை 250க்கு வாங்கிவிட்டீர்கள். ஃபீடரை எழுப்பிய அந்த நொடியில் கூரைகள் உறங்கிக்கொண்டிருக்கும், 500ம் உங்கள் தலையில் விழும், மேலே சொன்ன ஃபிரிட்ஜ் படையும் சேர்ந்து. எப்படியோ தாக்குப்பிடித்தீர்கள், சரி. ஐ.இ.இ.இ. 1547இன் 2018 பதிப்பில், வோல்டேஜ் நிலையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே மீண்டும் சேரக் காத்திருக்கும் நேரத்தின் இயல்பு அளவு 300 விநாடி. ஐந்து நிமிடம் கழித்து 300 கிலோவாட் ஒவ்வொன்றாக உள்ளே வரும். அந்த நேரம் லோடும் குறைந்து பேட்டரியும் நிறைந்திருந்தால், மிஞ்சும் மின்சாரம் போக இடமில்லை. சுருதி இன்வெர்ட்டர் அதிர்வெண்ணைக் கொஞ்சம் உயர்த்தி, "அடங்குங்கள்" என்று கூரைகளுக்குச் சொல்லும். புது இன்வெர்ட்டர்கள் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கும். பழையவை ஒரேயடியாக விலகும், ஐந்து நிமிடம் கழித்து ஒரேயடியாகத் திரும்பி வரும். இந்த ஊஞ்சலில்தான், கிரிட்டிலிருந்து பிரிந்து தனியாக ஓடும் இந்தச் சின்ன தீவு கவிழ்கிறது. ஆகவே உங்கள் ஃபீடரில் எத்தனை பழைய இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன என்ற கணக்கெடுப்பு, பேட்டரி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

மின்தடை அடிக்கடி வரும் இடம், சோலார் ஏற்கெனவே இருக்கும் இடம், எரிபொருள் வண்டி வந்து சேராத இடம்: இந்த மூன்றுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவின் அட்ஜுன்டாஸில் காசா பூப்லோ என்ற சமூக மையத்தில் விளக்கு எரிந்ததும் சோலாரும் பேட்டரியும் சேர்ந்துதான்.

## சிறு நீர்மின், கேஸ் எஞ்சின், காற்றாலை

பக்கத்தில் சிறு நீர்மின் நிலையம் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். மதகைத் திறக்கவும் ஜெனரேட்டரின் காந்தப்புலத்தை உண்டாக்கவும் கொஞ்சம் மின்சாரம் போதும், ஒரு சின்ன டீசலோ பேட்டரியோ அதைக் கொடுத்துவிடும். சுழலும் இயந்திரம், ஃபால்ட் கரண்ட் தாராளம், தண்ணீர் இருக்கும் வரை ஓடும். அது குறையும் பருவம்தான் பலவீனம்.

பிரிட்டனில் 2019இல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் ரீஸ்டார்ட் திட்டம் இந்த வகை நிலையங்களையே மையமாக வைத்துக் கீழிருந்து மேலே மீட்கும் முறையை ஆராய்ந்தது. ஒரே ஒரு இயந்திரம் நங்கூரம் போல நிற்கும், மற்ற காற்றாலைகளும் சோலாரும் அதைச் சுற்றிச் சேரும், லோடையும் உற்பத்தியையும் நொடிக்கு நொடி சமன் செய்ய ஒரு தானியங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கும் என்பதே அதன் வடிவம். எல்லாருக்கும் சுருதி கொடுக்கும் திறமை வேண்டியதில்லை. ஒருவருக்கு இருந்தால் போதும்.

காற்றாலையும் சுருதி கொடுக்கலாம் என்று 2020இல் ஸ்காட்லாந்தின் டெர்சலோக் காற்றாலைப் பண்ணை காட்டியது. 69 மெகாவாட் பண்ணை, இன்வெர்ட்டர்களை சுழலும் இயந்திரம் போல நடக்கும்படி மாற்றி, மின்வலையின் ஒரு பகுதியை எழுப்பினார்கள். ஆனால் காற்றைக் கடன் கேட்க முடியாது. தனித்து நங்கூரமாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேஸ் எஞ்சினுக்கு ஜப்பானின் செண்டாய் நல்ல பாடம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த மைக்ரோகிரிட்டின் (தனித்தும் ஓடக்கூடிய சின்ன கிரிட்) கேஸ் எஞ்சின்கள் முதலில் நின்றுவிட்டன, மறுநாள்தான் மீண்டும் ஓட்ட முடிந்தது. இடைப்பட்ட நேரத்தில் மருத்துவமனையின் மிக முக்கியமான லோடுகளைப் பேட்டரி தாங்கியது. நிலத்தடி கேஸ் குழாய் பிழைத்திருந்ததால் எஞ்சின்கள் திரும்ப வந்தன. குழாய் உடைந்திருந்தால் அது வேறு கதை.

## வீட்டு பேட்டரிகளும் மின்கார்களும்

"ஊரில் ஆயிரம் வீட்டு பேட்டரி இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மின்நிலையம்" என்பார்கள். கிரிட் உயிரோடு இருக்கும்போது உண்மை. உச்ச நேர லோடைக் குறைக்க இதைவிட மலிவான வழி குறைவு. கிரிட் விழுந்துவிட்டால் ஒவ்வொரு பேட்டரியும் தன் வீட்டைத் தெருவிலிருந்து வெட்டிக்கொண்டு தனித் தீவாகிவிடும், பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்தாகவும் வேண்டும். அவற்றை ஒருங்கிணைக்கும் கட்டளை இணையம் வழியாக வருகிறது, செல்போன் கோபுரத்தின் பேட்டரியோ சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஆகவே தெருவை எழுப்பும் வேலைக்கு இது சரிவராது. வேறு விதத்தில் உதவும்: தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு வீடும், மீட்பவரின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்குகிறது. கார் இன்னொரு படி மேலே, ஏனென்றால் அது நகரும். 2019இல் ஃபாக்ஸாய் சூறாவளி ஜப்பானின் சீபா பகுதியை இருட்டாக்கியபோது மின்கார்களை அனுப்பி முகாம்களுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். காரிலிருந்து மின்சாரம் எடுக்க இருதிசைச் சார்ஜரோ, வெளியே எடுக்கும் சாக்கெட்டோ வேண்டும். எல்லாக் கார்களிலும் அது இல்லை.

## ஒரு பார்வையில்

| | தானாக எழுமா | முதல் உதை | நிற்கும் நேரம் | ஃபால்ட் கரண்ட் | மற்ற நாட்களில் |
|---|---|---|---|---|---|
| டீசல் | ஆம் | தாங்கும், படிப்படியாக | எரிபொருள் உள்ளவரை | தாராளம் | சும்மா நிற்கும் |
| கூரை சோலார் மட்டும் | இல்லை | இல்லை | இல்லை | மிகக் குறைவு | நன்றாகச் சம்பாதிக்கும் |
| பேட்டரி, சுருதி இன்வெர்ட்டர், சோலார் | ஆம் | மெதுவாக ஏற்றினால் நன்று | மணிக்கணக்கு, வெயிலில் நீளும் | குறைவு | சம்பாதிக்கும், ஒதுக்கீடு போக |
| சிறு நீர்மின் | சிறு உதவியோடு | நன்று | தண்ணீர் உள்ளவரை | தாராளம் | சம்பாதிக்கும் |
| வீட்டு பேட்டரி, கார் | தன் வீட்டுக்கு மட்டும் | வீட்டளவு | ஓரிரு நாள் | குறைவு | பயன்படும் |

## அப்புறம், எதை வாங்குவது

மருத்துவமனை என்றால் டீசலைத் தூக்கி எறியாதீர்கள். அதன் முன்னால் ஒரு பேட்டரியை வையுங்கள். முதல் பத்து விநாடியை பேட்டரி மூடும், எஞ்சினுக்கு லோடு குறையும்போது சார்ஜ் ஏற்றிக்கொண்டு அதை நல்ல லோடில் ஓடவைக்கும், சோலார் இருந்தால் டீசல் தொட்டி இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக வரும். சுருதி யார் கையில் என்பதை மட்டும் எழுதி வைத்துவிடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தலைமை ஏற்றால் தகராறுதான்.

குடியிருப்புச் சங்கம் என்றால் எல்லா வீட்டுக்கும் பேட்டரி வைக்கும் ஆசையை விட்டு, தண்ணீர் பம்பு, ஒரு லிஃப்ட், பொது விளக்கு, ஒரு பொது அறை என்று சுருக்கி, அந்த லோடுகளைத் தனி பேனலில் பிரியுங்கள். பிரிப்பதற்கான வயரிங் செலவு பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிட அதிகம் வரும், அதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

விநியோக நிறுவனம் என்றால் ஒரு நங்கூரம், அதைச் சுற்றி ஒரே ஒரு ஃபீடர் என்று தொடங்குங்கள். அந்த ஃபீடரைத் துண்டு துண்டாகப் பிரித்து இணைக்க தொலைவிலிருந்து இயக்கும் பிரேக்கர்கள் வேண்டும். சப்ஸ்டேஷனில் பிரேக்கரை மூடுவதற்கான டிசி பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று பாருங்கள், அது தீர்ந்தால் மற்றதெல்லாம் வீண். மேல் கிரிட் திரும்பி வரும்போது உங்கள் தீவின் அலையும் அதன் அலையும் பொருந்திய பிறகே இணைக்கும் சிங்க் செக் ரிலே இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் திரும்ப இணைய, எரியும் விளக்குகளை இன்னொரு முறை அணைக்க வேண்டியிருக்கும்.

யாரிடம் விலை கேட்டாலும், விற்பவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "வெளி லைன் முழுக்கச் செத்த நிலையில், உங்கள் பெட்டி எத்தனை கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரைப் பூஜ்யத்திலிருந்து எழுப்பும்?" எண்ணைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், நிறுவும் நாளில் மெயின் பிரேக்கரை நீங்களே இறக்கிவிட்டு, அந்த எண்ணை அவர் செய்து காட்டும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.